பொறிமேல் போடும் மண்

விலங்கைப் பிடிக்க வைக்கும் பொறியில் இரும்பு, கயிறு, மூங்கில் ஆகியவை கண்ணுக்குத் தெரியும் உறுப்புகள். அவற்றின் மேலும் சுற்றிலும் கிடக்கும் மண்ணும் பொறியின் ஓர் உறுப்புதான். மற்ற உறுப்புகளைக் கடையில் வாங்கலாம். மண்ணை அந்தந்த இடத்தில்தான் சமாளிக்க வேண்டும். மண் நனைந்தால் கனக்கும், காய்ந்தால் வெடிக்கும், உறைந்தால் கல்லாகிவிடும். எனவே பொறி வேலை செய்யுமா என்பதை மண்ணில் எவ்வளவு நீர் இருக்கிறது, அது எந்த நிலையில் இருக்கிறது என்பதே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. வட அமெரிக்காவின் குளிர்ப் பகுதிகளில் நீர் அண்டாதபடி மண்ணுக்கு மெழுகு பூசும் வழக்கம் வந்தது. செங்கல்பட்டு வட்டாரத்து இருளர் பழங்குடியினரோ ஈர மண்ணையே கருவியாக்கிக் கொண்டார்கள்.

ஏரியும் வரப்பும்

அந்த வட்டாரத்தில், வண்டலூருக்கும் கூடுவாஞ்சேரிக்கும் நடுவே ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டியிருக்கும் ஊரப்பாக்கம் இன்று அடுக்குமாடிகளின் ஊர். 2023 டிசம்பர் 30 அன்று பக்கத்துக் கிளாம்பாக்கத்தில் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பிறகு வீட்டுமனை விளம்பரம் இல்லாத சுவரே அங்கு குறைவு. ஆனால் அதன் அடித்தளம் ஏரிப் பாசன ஊருக்கு உரியதுதான். அடையாறு தொடங்கும் ஆதனூர் ஏரி இதற்கு அருகில் இருக்கிறது. பல்லாவரம், வண்டலூர்ப் பக்கத்துக் குன்றுகள் சார்னோகைட் என்னும் கரும்பாறையால் ஆனவை. அவற்றின் சரிவில் சரளை கலந்த செம்மண் கிடக்கிறது. பள்ளத்தில், ஏரிக்குள்ளும் ஆயக்கட்டிலும், வண்டலும் களியும் படிந்திருக்கின்றன. ஒரு கிலோமீட்டர் நடப்பதற்குள் மண் இப்படி முற்றிலும் மாறிவிடுவது பின்னால் வரும் கணக்குக்கு முக்கியமானது.

இந்த வட்டாரத்தின் மழையில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில், ஐப்பசி கார்த்திகையில் பெய்துவிடுகிறது. 2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 செ.மீ. பதிவானது. அந்த அளவு அபூர்வம் என்றாலும், சாதாரண ஆண்டிலும் ஆயக்கட்டு மண் தை மாதம் வரை நீர் நிறைந்தே இருக்கும். உறைவது மட்டும் ஒருபோதும் நடக்காது. சென்னையில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரி செல்சியஸ். இங்கே குளிர்காலம் என்றால் ஈரக்காலம்.

அந்த ஈரம் வயல் எலிகளின் வாழ்க்கையைக் கட்டிப்போடுகிறது. நெல் வயலில் நீர் நிற்கும் வரை வளை தோண்ட வரப்பைத் தவிர இடமில்லை. தமிழக நெல் வயல்களில் அதிகச் சேதம் செய்வது வரப்பெலி. விலங்கியலில் அதன் பெயர் பாண்டிகோட்டா பெங்காலென்சிஸ். புல் எலி, வெள்ளெலி, வயல் சுண்டெலி ஆகியவையும் உண்டு. ஆனால் கதிரை அறுத்து வளைக்குள் கொண்டுபோய்ச் சேமிப்பதில் வரப்பெலியை எதுவும் மிஞ்சாது. பெண் எலி ஏறத்தாழ மூன்று வாரச் சினைக்காலத்துக்குப் பின் ஓர் ஈற்றில் ஆறேழு குட்டிகள் வரை போடும். கதிர் முற்றும் வேளையில் வளைக்குள் குட்டிகளும் தானியமும் ஒன்றாக இருக்கும்.

வரப்பெலிக்கு ஒரு பழக்கம் உண்டு. வளைக்குள் நுழைந்ததும் உள்ளிருந்து தளர்ந்த மண்ணைத் தள்ளி வாயை அடைத்துவிடும். தோண்டிய மண்ணை வாயருகே குவித்தும் வைக்கும். இந்த அடைப்பும் குவியலும்தான் தேடுபவருக்குக் கிடைக்கும் முதல் தடயம். குவியலின் மேல்மண் வெளிறி, உருண்டைகள் உடைந்து, மழைத்துளிக் குழிகள் விழுந்திருந்தால் அது பழைய வளை. மண் கருத்து, ஈரமாக, விளிம்பு கூர்மையாக இருந்தால் எலி முந்தின இரவில் வேலை செய்திருக்கிறது. ஆழத்து ஈரமண் காற்றில் எவ்வளவு நேரத்தில் நிறம் மாறும் என்பது செம்மண்ணில் ஒரு விதம், களியில் வேறு விதம். வெயில், காற்று, முந்தின நாளின் மழை எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்துத்தான் வளையின் வயதைச் சொல்ல முடியும். இந்தக் கணக்கை இருளர் குழந்தைகள் பெரியவர்களோடு வரப்பில் நடந்தே கற்கிறார்கள்.

இருளர்கள் தமிழ்நாட்டின் மிகவும் நலிவுற்ற பழங்குடிகள் பட்டியலில் உள்ள ஆறு சமூகங்களில் ஒன்று. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் ஏரிக்கரைகளிலும் வயலோரங்களிலும் அவர்களின் குடியிருப்புகள் பரவியிருக்கின்றன. எலி பிடிப்பதில் அவர்கள் முதலில் செய்வது வளையின் எல்லா வாய்களையும் கண்டுபிடிப்பது. ஒரு வளைக்கு வெளியே தெரியும் வாய்கள் பல. அவசரத்துக்குத் தப்பிக்க மண்ணின் மேலோடு வரை தோண்டி, திறக்காமல் விட்ட வாய்களும் இருக்கலாம். ஒன்றைத் தவிர மற்றவற்றை ஈர மண்ணை மிதித்து அடைக்கிறார்கள். மீதமுள்ள வாயில் பானையைக் கவிழ்க்கிறார்கள். பானைக்குள் வைக்கோலும் தழையும் புகைந்துகொண்டிருக்கும்; அதன் அடியில் உள்ள சிறு துளையில் வாய் வைத்து ஊதினால் புகை வளைக்குள் போகும். திணறிய எலிகளைக் கடப்பாரையால் வளையைத் தோண்டிக் கையால் எடுக்கிறார்கள். உள்ளே சேர்ந்திருக்கும் நெல்லும் பிடித்தவருக்கே. எலிக்கறியும் அந்த நெல்லும் அறுவடைக் காலத்தில் பல குடும்பங்களின் உணவாக இருந்திருக்கின்றன.

இந்த முறை ஏன் ஈரக்காலத்தில் நன்றாகப் பலிக்கிறது என்பதற்கு மண்ணே விடை. ஈரக் களியை மிதித்தால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, காற்றுப் புகாத அடைப்பு உருவாகும். துகள்களுக்கு இடையே உள்ள மெல்லிய நீர்ப்படலத்தின் இழுவிசைதான் அவற்றைப் பிடித்து வைக்கிறது. பங்குனி, சித்திரையில் அதே களி பாளம் பாளமாக வெடித்துவிடும். வெடிப்புகள் வழியே புகை கசிந்து போகும். எத்தனை ஊதினாலும் வளைக்குள் செறிவு ஏறாது. அப்போது எலிகளும் வரப்பிலேயே இருப்பதில்லை. நீர் வடிந்த வயலின் நடுவிலும் வளை போட்டுவிடும். நீர் நிற்கும் காலத்தில் எலிக்கு வரப்பை விட்டால் இடமில்லை என்பதால்தான் வரப்பைக் குறுக்கி வைக்கும்படி வேளாண் துறையினர் சொல்கிறார்கள்: மெலிந்த வரப்பில் வளைக்கு இடமில்லை.

பானையை வாயால் ஊதுவது உடலை வருத்தும் வேலை. புகை ஊதுபவரின் நுரையீரலுக்குள்ளும் போகும். சூடான பானையில் கையும் உதடும் சுட்டுக்கொள்ளும். கைப்பிடியைச் சுழற்றினால் விசிறி புகையைத் தள்ளும் உலோகக் கருவி ஒன்றைச் சென்னையைச் சேர்ந்த சேது சேதுநாராயணன் முன்னெடுத்தார். 2003-இல் உலக வங்கியின் வளர்ச்சிச் சந்தைப் போட்டியில் அத்திட்டம் நிதி பெற்றது. இருளர் குடும்பங்களுக்குக் கருவிகள் போய்ச் சேர்ந்தன. எலிப்பொறியைப் பொறுத்தவரை தமிழகத்தில் நடந்த மிகப் பயனுள்ள மாற்றமாக இதையே சொல்லலாம். தொழில் செய்பவரின் அறிவை மாற்றாமல், அவர் படும் துன்பத்தை மட்டும் அது குறைத்தது. வளை மண்ணில் கை வைப்பவருக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. எலிச் சிறுநீர் கலந்த ஈர மண்ணிலும் நீரிலும் எலிக்காய்ச்சல் கிருமி உயிருடன் இருக்கும்; கீறல் வழியே உடலுக்குள் புகும். ரப்பர்க் கையுறை இங்கே கட்டாயத் தேவை.

எலி வளைக்குள் பாம்பும் இருக்கக்கூடும். சாரையும் நாகமும் எலியைத் தேடிப் போய் அதே வளையில் தங்கிவிடுகின்றன. வாயருகே மண் வழவழப்பாகத் தேய்ந்திருப்பது, சட்டையின் துணுக்கு, எச்சம் ஆகியவற்றைக் கொண்டு இருளர்கள் அதை முன்பே கணிக்கிறார்கள். பாம்புத் தோல் வணிகம் சட்டத்தால் நின்றுபோனபோது பிழைப்பிழந்த அவர்களுக்காக 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் பதிவானது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் இயங்கும் சங்கத்தில் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சு எடுக்கப்படுகிறது. பாம்புகளை அங்கே மண்பானையில் துணி கட்டி வைத்திருந்து, சில வாரங்களுக்குப் பின் காட்டில் விடுகிறார்கள். செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த இருளர்களான வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017-இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவுக்குப் போய், அங்கே பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைப் பிடித்துக் காட்டினார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

காவிரிப் படுகையில் வழி வேறு. அங்கே தஞ்சாவூர்க் கிட்டி என்னும் மூங்கில் வில்பொறி பயன்படுகிறது. வளைத்துக் கட்டிய மூங்கில் தப்பையின் விறைப்பு எலி இரையைத் தொட்டதும் விடுபட்டு அதை இறுக்கிவிடும். மாலையில் வரப்போரம் வரிசையாக வைத்துக் காலையில் எடுப்பார்கள். கிட்டி மண்ணுக்கு மேலே நிற்பது. அதை மூட வேண்டியதில்லை. ஈரக்காலத்து வயலுக்கு அது பொருந்திப் போனதற்கு அதுவும் ஒரு காரணம். சேறு புகுந்தால் எந்த விசையும் மந்தமாகிவிடும்.

உறைந்த மண்

மண்ணுக்குள் புதைத்து வைக்கும் பொறிகளுக்குக் கிட்டியின் இந்த வசதி இல்லை. வட அமெரிக்காவில் நரி, கொயோட்டி போன்றவற்றின் தோலுக்காக வைக்கும் காற்பொறி தரைக்குள் பதிக்கப்படுகிறது. அதன் நடுத்தட்டின் மேல் சலித்த மண்ணை அரை சென்டிமீட்டர் அளவுக்குத் தூவி, பின்னால் சிறு குழியில் இரையின் வாசனையை வைப்பார்கள். விலங்கு தட்டை மிதிக்கும்போது தாடைகள் அந்த மண்ணைப் பிளந்துகொண்டு எழ வேண்டும். தோலின் மயிர் அடர்ந்து விலை கூடுவது குளிர்காலத்தில். மண் உறைவதும் அப்போதுதான். இதனால்தான் சிக்கல் தவிர்க்க முடியாததாகிறது.

நீர் பனிக்கட்டியாகும்போது கன அளவில் ஏறத்தாழ 9 விழுக்காடு விரியும். மண்துகள்களுக்கு இடையே இருந்த நீர்ப்பாலங்கள் பனிப்பாலங்களாகி, தளர்ந்த மண் ஒரே பலகையாகிவிடும். மேல்மண்ணை மட்டும் காய வைத்துப் போட்டாலும் பயனில்லை. உறையும் பகுதியை நோக்கி அடிமண்ணின் நீர் நுண்துளைகள் வழியே ஏறிவந்துகொண்டே இருக்கும்; அங்கே பனி வில்லைகளாக வளர்ந்து தரையையே மேலே தூக்கும். குளிர் நாடுகளில் சாலைகள் குளிர்காலத்தில் பொங்கி வெடிப்பதும் இதனால்தான்.

இந்தியாவில் மண் இப்படி உறையும் இடங்களில் ஒன்று லடாக். அங்கே ஓநாயைப் பிடிக்க மண்ணில் பொறி புதைக்கவில்லை. ஷாங்டோங் என்னும் கற்குழிகளைக் கட்டினார்கள். உட்புறம் சாய்ந்த கற்சுவர், அடியில் இரையாக ஓர் ஆடு. இறங்கிய ஓநாய் ஏற முடியாது. கால்நடையைக் காக்கக் கட்டிய அந்தக் குழிகளைச் சுஷூல் ஊரார் 2018-இல் இடிக்காமல், சுவரின் ஒரு பகுதியைத் திறந்து செயலிழக்கச் செய்தார்கள். பக்கத்தில் ஸ்தூபியும் எழுப்பினார்கள்.

காற்பொறியின் மேல்மண் உறைவதைத் தடுக்க முதலில் கைகொடுத்தது உப்பு. சாதாரண உப்பைக் கரைத்தால் நீரின் உறைநிலையை ஏறத்தாழ மைனஸ் 21 டிகிரி வரையும், கால்சியம் குளோரைடால் மைனஸ் 50 டிகிரி வரையும் இறக்கலாம். ஆனால் உப்பு இரும்பை அரிக்கும். கால்சியம் குளோரைடு காற்றின் ஈரத்தையும் உறிஞ்சி மண்ணைச் சேறாக்கும். மழையில் கரைந்து ஓடிவிட்டால் அதன் வேலையும் முடிந்தது. உப்பு நீரை உறையாமல் வைக்கிறது. மெழுகு நீரை உள்ளேயே விடுவதில்லை.

மெழுகின் வேலை

தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாது என்பது தமிழில் பழமொழியாகிப் போன உண்மை. இலையின் மேலே நுண்ணிய மேடுகளும் அவற்றின் மேல் மெழுகுப் படிகங்களும் இருக்கின்றன; துளி மேடுகளின் நுனியில் மட்டும் அமர்ந்து உருண்டோடும். 1997-இல் பார்ட்லாட், நைன்ஹுயிஸ் என்ற இரு ஜெர்மானியத் தாவரவியலாளர்கள் இதை மின்னணு நுண்ணோக்கியால் விளக்கிய பின் உலகெங்கும் தாமரை விளைவு என்ற பெயர் நிலைத்தது. மெழுகு மண்ணில் மணல் துகள்களே மேடுகள். அவற்றின் மேல் பூசிய பாரஃபின் மெழுகே படலம்.

பாரஃபின் என்பது பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் நீண்ட ஹைட்ரோகார்பன் சங்கிலிகளின் கலவை. ஒரு சங்கிலியில் சுமார் 20 முதல் 40 கார்பன் அணுக்கள் இருக்கும். அவற்றில் நீர் மூலக்கூறு பற்றிக்கொள்ள மின்னேற்றப் பிடிப்பு எதுவும் இல்லை. ஆகவே நீர் பரவாமல் தன்னைத்தானே இழுத்துத் துளியாகத் திரளும். துளியின் விளிம்பு பரப்போடு உண்டாக்கும் கோணம் சுத்தமான மணலில் மிகச் சிறியது. பாரஃபினில் 105 முதல் 110 டிகிரி. 90 டிகிரியைத் தாண்டியதும் மண்ணின் நடத்தை தலைகீழாகிறது. நுண்துளைகள் நீரை உறிஞ்சுவதற்குப் பதிலாக வெளியே தள்ளுகின்றன.

எவ்வளவு தள்ளும் என்பதைக் கணக்கிடலாம். துளையின் ஆரம் 0.1 மில்லிமீட்டர் என்றால், சாதாரண மணலில் நீர் தானாகவே ஏறத்தாழ 15 செ.மீ. ஏறும். அதே மணலுக்கு மெழுகு பூசினால் ஏற்றம் இல்லை. மாறாக, மேலே நான்கரை செ.மீ. உயரத்துக்கு நீர் நின்று அழுத்தினால்தான் உள்ளே புகும். தூறலுக்கும் உருகும் பனிக்கும் இந்தத் தடை போதும். முழங்கால் அளவு தேங்கும் ஊரப்பாக்கத்து மழைக்கு அது போதாது. துளை சிறியதானால் தடை கூடும் என்பதால் நுண்மணல் நல்லது. ஆனால் களி அளவுக்கு நுண்மை போனால் வேறு சிக்கல் வரும்.

அரை மில்லிமீட்டர் மணலை ஒரு கிலோ எடுத்தால் அதன் துகள்களின் மொத்தப் பரப்பு சுமார் நாலரை சதுர மீட்டர். அதற்கு 50 கிராம் மெழுகைச் சமமாகப் பூசினால் படலம் 12 மைக்ரான் தடிமனாக இருக்கும்; அது தாராளம். ஒரு கிலோ களியின் பரப்போ குறைந்தது பத்தாயிரம் சதுர மீட்டர். அதே 50 கிராமைப் பரப்பினால் ஐந்தாறு நானோமீட்டர்தான் கிடைக்கும். நடைமுறையில் அப்படிப் பரவவும் செய்யாது. களி கட்டிகளாகத் திரண்டு, கட்டியின் மேல்தோலில் மட்டும் மெழுகு ஒட்டும். கட்டி உடைந்ததும் உள்ளிருக்கும் பூசப்படாத களி நீரை வாரிக்கொள்ளும். ஏரி வண்டல் இந்த வேலைக்கு ஆகாது. குன்றடிச் செம்மண்ணைச் சலித்து, அலசி, களியை நீக்கினால் கிடைக்கும் மணல் பொருந்தும். கடற்கரை மணலில் உப்பு ஒட்டியிருக்கும். நல்ல நீரில் பலமுறை அலசாமல் பயன்படுத்தக்கூடாது. கட்டுமானத்துக்கு வரும் எம்-சாண்டில் கல்தூள் கலந்திருப்பதால் அதையும் அலச வேண்டும்.

மாடியில் தயாரிப்பது

குளிர் நாட்டார் மெழுகு மண்ணைக் கோடையிலேயே செய்து வாளிகளில் மூடி வைக்கிறார்கள். முதல் தேவை முழுக்க உலர்ந்த மண். துகளின் மேல் நீர்ப்படலம் இருந்தால் மெழுகு அதன் மேல் மிதக்குமே தவிர மணலைப் பற்றாது. ஊரப்பாக்கத்து மொட்டை மாடியில் சித்திரை, வைகாசி வெயில் இந்த உலர்த்தலைச் செலவின்றிச் செய்து தரும். மணலை முதலில் கம்பி வலையிலும், பிறகு மாவுச் சல்லடை போன்ற நுண்வலையிலும் சலிக்க வேண்டும். கறுப்புத் தார்ப்பாயில் இரண்டு விரற்கடை தடிமனுக்குப் பரப்பி, அவ்வப்போது கிளறி, இரண்டு மூன்று நாள் காய விட வேண்டும். கையில் எடுத்து விட்டால் தூசியின்றி ஓடும் பதம் வரும்.

மெழுகுவத்தி மெழுகின் உருகுநிலை பெரும்பாலும் 55 முதல் 60 டிகிரி. சென்னையில் காற்றின் வெப்பநிலை அந்த அளவை எட்டியதில்லை. 2003 மே மாதத்தில் பதிவான 45 டிகிரிதான் உச்சம். ஆனால் உச்சி வெயிலில் கறுப்புப் பரப்பும் அதன் மேலுள்ள மண்ணும் காற்றைவிட வெகுவாகச் சூடேறி 60 டிகிரியைத் தாண்டக்கூடும். ஆகவே அடுப்பே இல்லாமல் வேலையை முடிக்க இங்கே வழி இருக்கிறது. வெள்ளை மெழுகுவத்தியைத் தேங்காய்த் துருவியில் சீவி, காலை பத்து மணிக்கு மேல் சூடேறிய மணலில் தூவ வேண்டும். ஒரு கிலோ மணலுக்கு 50 கிராம் என்பது தொடங்குவதற்கு ஏற்ற அளவு. சீவல் கண்ணாடி போல் ஒளிபுகும்படி மாறி மணலுக்குள் மறையும்போது மரப்பலகையால் கிளற வேண்டும். மறைந்த பிறகும் மாலை வரை விட்டு விட்டுக் கிளறுவது முக்கியம். உருகிய மெழுகு துகளிலிருந்து துகளுக்குத் தாவிப் பரவுவது அந்த நேரத்தில்தான். ஆறும்போதும் கிளறாவிட்டால் மணல் பாளமாகக் கட்டிக்கொள்ளும்.

மேகம் மூடிய நாளில் அடுப்பு வேண்டும். அப்போதும் மெழுகை நேரடித் தீயில் வைக்கக்கூடாது. பாரஃபின் ஆவி ஏறத்தாழ 200 டிகிரிக்கு மேல் தீப்பிடிக்கும்; எரியும் மெழுகில் தண்ணீர் ஊற்றினால் தீ பொங்கிச் சிதறும். கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குவதே பாதுகாப்பு, ஏனெனில் அந்த முறையில் வெப்பம் 100 டிகிரியைத் தாண்டாது. மணலைத் தனியே வாணலியில் கை பொறுக்காத சூட்டுக்கு வறுத்து இறக்கி, அடுப்பை அணைத்த பின் உருகிய மெழுகை நூல் போல ஊற்றிக் கிளற வேண்டும். மணல் ஆறியிருந்தால் மெழுகு விழுந்த இடத்திலேயே உறைந்து உருண்டையாகிவிடும்.

சோதனை எளிது. ஆறிய மணலைத் தட்டில் சமமாகப் பரப்பி, மேலே ஒரு சொட்டு நீர் விட வேண்டும். மண் அறிவியலில் சொட்டு 5 விநாடிக்குள் உறிஞ்சப்பட்டால் அந்த மண் நீரை ஏற்பது. அதற்கு மேல் நின்றால் விலக்குவது. ஒரு மணி நேரம் தாண்டினால் மிகக் கடுமையாக விலக்குவது. நல்ல மெழுகு மணலில் சொட்டு முத்தாக நின்று, கடைசியில் ஆவியாகித்தான் போகும். இரண்டாவது சோதனைக்கு, நீர் தெளித்த மணலை ஒரு கிண்ணத்தில் போட்டு இரவு முழுக்கக் குளிர்ப்பெட்டியின் உறைபகுதியில் வைக்கலாம். காலையில் கவிழ்த்தால் மெழுகு மணல் உதிர்ந்து கொட்டும். பக்கத்தில் வைத்த சாதா மணல் கிண்ண வடிவிலேயே கல்லாக விழும். பள்ளிக் கண்காட்சிக்கு இதைவிடத் தெளிவான செய்முறை கிடைப்பது அரிது.

சேமிப்பில் கவனிக்க வேண்டியது வாசனை. மெழுகு எண்ணெய்ப் பொருள்களின் மணத்தை ஈர்த்து வைத்துக்கொள்ளும். டீசல், சோப்பு, கொசுவத்தி அருகே வைத்த மண்ணை நாய்க் குடும்பத்து விலங்கின் மூக்கு உடனே கண்டுகொள்ளும். மூடியுள்ள சுத்தமான வாளி போதும். நல்ல வெயிலில் திறந்து வைத்தால் மீண்டும் இளகிக் கட்டும்.

எங்கே ஆகாது, எங்கே ஆகும்

இந்தியாவில் மெழுகு மண்ணைக் காட்டு விலங்குப் பொறிக்குப் பயன்படுத்த இடமில்லை. 1972-ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்ற சொல்லிலேயே கண்ணி வைப்பதையும் பொறி வைப்பதையும் சேர்த்திருக்கிறது. நரி, முயல், உடும்பு, மரநாய், கீரி எல்லாம் அதன் காப்பில் உள்ளவை. வண்டலூர்க் காப்புக்காட்டை ஒட்டிய ஊர்களில் கண்ணி வைப்பது விளையாட்டுக்காக என்றாலும் குற்றமே. ஐரோப்பிய ஒன்றியமும் 1991-இல் இயற்றிய விதியின்படி 1995 முதல் காற்பொறியைத் தடை செய்தது. எலும்பை நசுக்கி விலங்கை மணிக்கணக்கில் வலியில் நிறுத்தும் கருவிக்கு அந்தத் தடை நியாயமானதே. வயல் எலி இந்தக் காப்புக்கு வெளியே உள்ளது; ஆனால் எலிக்கு மெழுகு மண் தேவைப்படுவதில்லை.

மெழுகு மணலுக்கு வெப்ப நாட்டில் பயன் வேறு பக்கம் திறந்திருக்கிறது. சவூதி அரேபியாவின் மன்னர் அப்துல்லா அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஹிமான்ஷு மிஸ்ராவின் குழு நானோமீட்டர் அளவில் பாரஃபின் பூசிய மணலைப் பயிரைச் சுற்றி மண்ணின் மேல் மெல்லிய போர்வையாகப் பரப்பிப் பார்த்தது. செடிக்கு விட்ட நீர் கீழேயே தங்கியது. மண்ணிலிருந்து ஆவியாகும் நீர் பாதிக்கும் மேல் குறைந்தது. சொட்டுநீர்க் குழாய் போர்வைக்கு அடியில் செல்ல வேண்டும் என்பதே அதில் நிபந்தனை, மேலே ஊற்றும் நீர் உருண்டோடிவிடும் என்பதால்.

மாடியில் சோதனைக்குச் செய்த மணலையும் அதே நிபந்தனையோடு தொட்டிச் செடிக்குப் பயன்படுத்தலாம். வேர்மண்ணோடு கலந்துவிடக்கூடாது, கலந்தால் அந்தப் பகுதி நீரை ஏற்காமல் வேர் காய்ந்துவிடும். காட்டுத் தீக்குப் பிறகு மலைச்சரிவுகளில் எரிந்த இலைகளின் மெழுகு ஆவியாகி மண்ணில் படிந்து, மழைநீர் உள்ளே இறங்காமல் ஓடி மண்ணரிப்பை உண்டாக்குவதும் இதே விளைவுதான். பயன்படுத்தி முடித்த மெழுகு மணலை ஏரியிலோ வாய்க்காலிலோ கொட்டாமல் மூட்டையாகக் கட்டித் திடக்கழிவோடு கொடுக்க வேண்டும். பாரஃபினைச் சில மண்நுண்ணுயிரிகள் சிதைக்கும். ஆனால் நீர் புகாத மணலில் அவை வேலை செய்ய நெடுநாளாகும்.